அறுகோணத் தாளின் தென்கிழக்கு மூலை

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் குழாயை இறக்கி, நம் தாளை மறுபடியும் உருவினேன். அந்துருண்டை வாடையும் கலர் பென்சில் மெழுகின் வாடையும் சேர்ந்து வந்தன. உனக்கு அந்துருண்டை வாடை ஆகாது. "உங்க வீட்டுல உலகத்தையே பூச்சி அரிக்காம வெச்சிருக்கீங்க லா" என்று உன் வழக்கமான 'லா'வை இழுத்துச் சொல்வாய். தாளைத் தரையில் விரித்தேன். மூன்று மூலைகளில் எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. நாலாவது மூலையைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. பார்த்ததும் கோபம் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கேட்கிறாள். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் வருகிறது.

நாம் வரைந்தது நம்முடைய உலகம் அல்ல. எங்கோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அச்சிட்டு விற்ற கற்பனை உலகம் அது. அங்கே வாள்வீரர்களும் மந்திரவாதிகளும் பூதங்களும் உண்டு. விளையாடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே பயணம் போகவேண்டும். போகிற வழிக்குத்தான் வரைபடம். தேன்கூடு மாதிரித் தாள் நிறைய அறுகோணக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டம் ஒரு நாள் நடை. ஒன்றில் மலை, ஒன்றில் காடு, ஒன்றில் கோட்டை. அசல் வரைபடம் கோலாலம்பூரில் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் நம் கைக்கு எட்டாது. பங்சாரிலிருந்து வந்த பணக்காரப் பையன் ஒருவன் பள்ளிக்குக் கொண்டுவந்ததை ஒருநாள் இரவல் வாங்கினாய். பிரிக்பீல்ட்ஸில் நீ பள்ளி முடிந்து வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில் துண்டு துண்டாக நகல் எடுத்துவிட்டாய். அதை வைத்துக்கொண்டு, முழு உலகத்தையும் நாமே திரும்ப வரைவது என்று முடிவு செய்தோம்.

அறுகோணம் வரைவது லேசான காரியமில்லை. முதல் இரண்டு தாள்களைக் கெடுத்த பிறகு எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா ரயில்வே பட்டறையில் இயந்திரப் படம் வரைகிறவர். நட்டு வரைவதற்கென்று அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அச்சு இருந்தது, அளவு அளவாக அறுகோண ஓட்டைகளோடு. அந்த நட்டு ஓட்டைக்குள் பென்சிலை விட்டு, நகர்த்தி, மறுபடி விட்டு, ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் கட்டம் போட்டோம். "நட்டு கழண்டவனுங்க நட்டு வெச்சு போட்ட மேப்புலா இது" என்று நீ சொல்ல, அப்பா அடுத்த அறையிலிருந்து சிரித்தார். அவர் சிரிப்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

நான் எப்படிப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து, கோட்டுக்குக் கோடு அசலைப் போலவே இருக்கவேண்டும் எனக்கு. இப்போது அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலையில் சம்பளம் வாங்குகிறேன். அப்போது அதைச் சும்மா செய்துகொண்டிருந்தேன். நீ அதற்கு நேர்மாறு. அந்தக் கடல் விவகாரம் நினைவிருக்கிறதா? அந்தக் கால ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு வெளிர்நீலம் கண்ணில் படாது. அசலில் வெளிர்நீலமாக இருந்த கடல், நம் நகலில் வெறும் வெள்ளையாக வந்துவிட்டது. நாம் அதைப் பாலைவனம் என்று நினைத்து மஞ்சள் பென்சில் தேய்த்துவிட்டோம். நம் வீரர்கள் ஒட்டகம் வாங்கி, தண்ணீருக்குத் தவித்து, அந்த மணலைக் கடந்தும் போய்விட்டார்கள். அப்புறம் ஒருநாள் அசலை மறுபடி பார்த்தபோதுதான் அது கடல் என்று தெரிந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழித்துவிட்டு நீலம் பூசவேண்டும் என்றேன். நீ தாளின்மேல் கையை விரித்துப் படுத்துக்கொண்டாய்.

"நாம நடந்து போயாச்சு மச்சான். இனிமே அது தரைதான்."

அது மஞ்சளாகவே நின்றுவிட்டது. இப்போதும் மஞ்சள்தான். அதன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு.

அப்போதெல்லாம் விளையாட்டு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நடக்கும். முதல்நாள் நீ வந்தபோது அம்மா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் அது ஒரு சடங்கு. ஆர் பிள்ளை, எந்த ஊர், தகப்பனுக்கு என்ன உத்தியோகம் என்று தெரியாமல் ஒருவரையும் விடமாட்டார்கள்.

"தம்பி, உங்கட ஆக்கள் எந்தப் பக்கம்?"

"கிள்ளான் ஆன்டி."

"கிள்ளானிலை எங்கை? எஸ்டேட்டிலையோ?"

"இல்ல ஆன்டி. டவுன்லயே."

"எத்தனை சகோதரம்?"

"நான் ஒரே புள்ள ஆன்டி."

நீ தயங்கவேயில்லை. உன் அப்பா இல்லை என்பதும், அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார் என்பதும் எனக்கு முன்பே தெரியும். அதையெல்லாம் நீ மறைத்ததில்லை. அதனால் மற்றதையும் நான் நம்பினேன். ஏன் நம்பாமல் இருக்கவேண்டும்?

இனி மூலைக்கு வருகிறேன். அசல் வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் கட்டங்கள் கிடையாது. அங்கே ஒரு பெட்டி போட்டு, இந்தக் குறி மலை, இந்தக் குறி கோபுரம் என்று விளக்கம் அச்சிட்டிருந்தார்கள். பெட்டிக்கு அடியில் என்ன நாடு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்த மூலையை மட்டும் காட்டும் தனித்தாள் ஒன்று கம்பெனி வெளியிட்டதாகவும், கொஞ்சப் பிரதிகளே வந்ததாகவும் ஒரு பேச்சு இருந்தது. நம் தாளில் அந்த மூலையை வெள்ளையாக விட்டுவைத்திருந்தேன். தெரியாததைத் தெரியாததாக விடுவதுதான் முறை என்பது என் கட்சி.

ஒரு சனிக்கிழமை நீ ஒரு டிரேசிங் பேப்பரோடு வந்தாய். பென்சிலில் நுணுக்கமாக வரைந்த கட்டங்கள், ஒவ்வொன்றிலும் குறி, நாலைந்தில் ஆங்கில எழுத்தில் பெயர்.

"கடைக்கு ஒரு வெள்ளக்காரன் வந்தான்லா. அந்தத் தனித்தாள் அவன்கிட்ட இருந்துச்சு. ஏதோ ஃபாரம் காப்பி எடுக்க வந்தவன் ஃபைல மேசையில வெச்சிட்டுச் சாப்பிடப் போய்ட்டான். நான் டிரேஸ் பண்ணிட்டேன்."

"பிரிக்பீல்ட்ஸ் ஜெராக்ஸ் கடைக்கு வெள்ளைக்காரன் வந்தானா?"

"ஏன், வெள்ளக்காரனுக்கு ஜெராக்ஸ் வேணாமா?"

எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தப் பெயர்கள் என் வாயை அடைத்துவிட்டன. பெராட் என்று ஒரு கோட்டை. நெரே என்று நீளமாக ஒரு காடு. தாவ்ரன் என்று ஒரு தாழ்நிலம். அதற்கு அப்பால் அயாக், இடிந்த கோபுரத்தின் குறியோடு. நான் அப்படித்தான் வாசித்தேன், அந்த உலகத்தின் மற்றப் பெயர்களை வாசிக்கிற அதே நாக்கோடு. நீ திருத்தவில்லை. இப்படிப்பட்ட பெயர்களை உன்னால் கற்பனை செய்ய முடியாது, நீ வைத்தால் ஏதாவது சினிமாப் பெயராக இருக்கும் என்று நான் எண்ணினேன். ஆகையால் இது அசலேதான் என்று முடிவு கட்டி, என் கையாலேயே மையில் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு நாம் எத்தனையோ முறை விளையாடினோம். நான்தான் நடுவர், உலகத்தை நடத்துகிறவன். நீயும் பள்ளி நண்பர்கள் இரண்டு பேரும் வீரர்கள். மற்ற இருவரும் தென்கிழக்கே போகலாம் என்றால் நீ மட்டும் குதிரையைத் திருப்புவாய். "அங்க வேணாம்லா. அங்க ஒண்ணும் இல்ல" என்பாய். ஒரு தடவை நான் விடாமல், அயாக்கில் என்னதான் இருக்கிறது, அந்தத் தாளில் குறிப்பு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். நீ உருட்டப்போன பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டாய்.

"எழுதல மச்சான். அதுக்கு ஒண்ணும் எழுதல."

அன்று நீ சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாய்.

பிறகு வேலை, கல்யாணம் என்று நான் ஒரு பக்கம். டெலிவரி வேலை, பெடரல் ஹைவே என்று நீ ஒரு பக்கம். விளையாட்டு நின்றாலும் பேச்சு நிற்கவில்லை. மழை நாளில் உன் மோட்டார் சைக்கிள் லோரியில் மோதியது என்று செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றி எழுதவேண்டாம். எழுதினால் இந்த மடல் முடியாது.

அச்சகத்தில் இணையம் வந்த பிறகுதான் நம்மைப் போல நட்டு கழண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். ஹாலந்தில் ஒருவர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த உலகத்தின் எல்லா வரைபடங்களையும் கட்டம் கட்டமாகக் கணினியில் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார். அவர் என்னை மிஞ்சிய பிடிவாதக்காரர். அச்சில் வந்தது மட்டும்தான் வரைபடத்தில் ஏறும்; ரசிகர்கள் சொந்தமாகச் சேர்த்த நிலத்துக்கு அங்கே இடமில்லை. அச்சில் இருக்கிற ஓர் இடத்துக்குக் குறிப்பு இல்லையென்றால் மட்டும், யார் வேண்டுமானாலும் கதை எழுதித் தரலாம். அசல் குறிப்பு என்றைக்காவது கிடைத்தால் அந்தக் கதையை நீக்கிவிடுவார்கள். அவருக்கும் தென்கிழக்கு மூலை கிடைக்கவில்லை. என்னிடம் இருக்கிறது என்று எழுதினேன். அச்சக ஸ்கேனரில் போட்டு அனுப்பினேன். அந்த மனிதர் அழாத குறையாக நன்றி எழுதினார். உன் பெயரையும் போட்டார். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் அயாக்குக்குக் கதை எழுதினார். இடிந்த கோபுரத்தில் ஒரு சூனியக்காரி இருக்கிறாள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பிடித்து வைத்துத் தின்கிறாள். வீரர்கள் போய் அவளை வெட்டினால் தங்கம் கிடைக்கும். நன்றாக எழுதப்பட்ட கதை. நானும் பாராட்டி ஒரு வரி போட்டேன். எங்கெங்கோ இருப்பவர்கள் விளையாடி, எப்படி வெட்டினோம் என்று எழுதத் தொடங்கினார்கள்.

இந்தத் தீபாவளிக்கு வழக்கம்போல் உன் அம்மாவைப் பார்க்கக் கம்போங் மேடானுக்குப் போனேன். மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அம்மா அவளுக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா புள்ளைய யாரு தம்பி பாத்துக்கிறா?" என்று கேட்டார்.

"நர்சரியில விடுறோம்மா."

"எங்களுக்கு ஆயாக் கொட்டாய்தான். விடியறதுக்கு முன்னாலயே பெரட்டுக்குப் போயி நிக்கணும்ல. புள்ளைங்கள ஆயாகிட்ட போட்டுட்டு ஓடுவோம்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பெரட்டு என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், தமிழ்ப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"அதான் தம்பி, தோட்டத்துல ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சுப் பேரு கூப்புடுவாங்களே. கணக்கு எழுதுற கெராணி பேரு கூப்புட்டு, ஒனக்கு இந்த நெர, ஒனக்கு அந்த நெரன்னு மரத்தைப் பிரிச்சு வுடுவாரு. பூச்சோங்குல நாங்க இருந்த தோட்டத்துல கணக்கெல்லாம் ரொம்பக் கறாரு."

பூச்சோங். கிள்ளான் இல்லை. என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தாவ்ரன்னு ஒண்ணு இருந்துச்சாம்மா?"

"தவரண. ரப்பர் கன்னு வளக்குற எடம். அதைத் தாண்டித்தான் ஆயாக் கொட்டாய். உனக்கு எப்படிய்யா தெரியும்?"

பெராட், நெரே, தாவ்ரன், அயாக். பெரட்டு, நெரை, தவரணை, ஆயாக் கொட்டாய். இத்தனை வருடம் என் வீட்டு அலமாரி மேல் தமிழ் சுருண்டு கிடந்திருக்கிறது. நான் அதை வெள்ளைக்காரன் பாஷை என்று வாசித்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் ஒரு நொடியில் படித்திருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொற்கள் ஒன்றுகூடக் கிடையாது. அது உனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதி என் முன்னால் விரித்துவைத்தால் போதும், இவன் கண்டுபிடிக்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கண்டுபிடிப்பேனா என்று பார்த்தாயோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

உன் அம்மாவிடம், உங்களுக்கு அவன் ஒரே பிள்ளைதானே என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் என்னவாக இருக்கும் என்று பயந்தேன்.

"யாரு சொன்னா? அவனுக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு, பொம்பளப் புள்ள." அவர் என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "காச்சலாக் கெடந்துச்சு. இன்னிக்கு வேலைக்கு வரலைன்னு சொல்லத்தான் பெரட்டுக்குப் போனேன். பேரு குடுத்தாச்சு, நெரைக்குப் போன்னுட்டாரு கெராணி. புள்ளைய அவந்தான் தூக்கிட்டுப் போயி ஆயாகிட்ட குடுத்தான். அவனுக்கே ஏழு வயசு. ஆயா பாவம், கெழவி, அது என்ன பண்ணும்? ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்துச்சாம். சாயங்காலம் நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து அவன் அந்தப் பக்கமே போகமாட்டான் தம்பி. சுத்திக்கிட்டுத்தான் போவான்."

தோட்டம் இப்போது இல்லை என்றார். விற்று, மரத்தை வெட்டி, வீடு கட்டிவிட்டார்களாம். புதைத்த இடமும் போய்விட்டது. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை என்றார். நான் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். 

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். அன்றைக்கும் யாரோ மூன்று வீரர்களோடு அயாக்குக்குள் புகுந்து, கிழவியை வெட்டி, தங்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பாராட்டு வரியில் என் பெயரும் இருந்தது. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் அம்மா 'எஸ்டேட் ஆக்கள்' என்று சொல்லும்போது அவர் உதடு எப்படிச் சுருங்கும் என்று பார்த்திருப்பாய். சரி, அவரிடம் சொல்லவேண்டாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், யாரும் நுழையாத ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நானே அதை ஊருக்கெல்லாம் திறந்துவிடும்படி செய்துவிட்டாய். பல நாள் இப்படியே உன்னோடு சண்டை போட்டேன்.

சண்டை ஒரு பக்கம் இருக்க, என்ன செய்வது என்று ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. இந்த மூலை அச்சில் வந்ததில்லை, என் நண்பன் வரைந்தது என்று ஹாலந்துக்காரருக்கு உண்மையை எழுதினால், அன்றைக்கே மூலை முழுவதையும் அழித்துவிடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அப்புறம் அந்தத் தோட்டம் இருந்ததற்கு உலகத்தில் ஒரு கோடுகூட மிஞ்சாது. எழுதாமல் விட்டால் அந்தக் கிழவி தினமும் வெட்டுப்படுவாள். யாருக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாதவர்கள் வெட்டுவார்கள். பாதி எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்தேன். பிழையைக் கண்டால் சும்மா விடாதவன் நான். இந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று தாளை விரித்து அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து ஹாலந்துக்காரருக்கு எழுதினேன். அசல் தனித்தாளின் பின்புறத்தில் அயாக்குக்கு ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தது, என் நண்பன் அதையும் நகல் எடுத்திருந்தான், இப்போதுதான் கண்ணில் பட்டது என்று எழுதினேன். எழுதியதை இரண்டு முறை பிழையும் பார்த்தேன், சிரிக்காதே. குறிப்பு இதுதான்:

'அயாக். கோபுரம் அல்ல, கூரை போட்ட நீளக் கொட்டகை. உள்ளே தூளியில் ஒரு பெண்குழந்தை தூங்குகிறாள். பக்கத்தில் ஒரு கிழவி விசிறிக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இங்கே தங்கம் இல்லை, வெட்டுவதற்கும் யாரும் இல்லை. ஆயுதத்தை வாசலில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கிழவி தண்ணீர் கொடுப்பாள். சாயங்காலம் அம்மாவும் அண்ணனும் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.'

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. இது அச்சில் உள்ளதுதானா, உறுதியாகத் தெரியுமா என்று கேட்டிருந்தார். உறுதியாகத் தெரியும் என்று எழுதினேன். சூனியக்காரியை நீக்கிவிட்டார். நாளைக்கே யாராவது உண்மையான தனித்தாளோடு வந்து நின்றால் என் மானம் கப்பலேறிவிடும். வரட்டும். அதுவரை கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் இதையே சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். சொல்வேன்.

உன் அம்மாவிடம் இதை எப்படி விளக்குவது என்று தெரியாததால் சொல்லவில்லை. தூக்கம் வராமல், விடியப்போகிற நேரத்தில் இன்னொரு முறை கணினியைப் பார்த்தேன். எங்கோ ஒரு நாட்டில் யாரோ அதற்குள் விளையாடி முடித்து, நடந்ததை எழுதியிருந்தார்கள். நாலு வீரர்கள் வந்திருக்கிறார்கள். வாளையெல்லாம் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று அடிமேல் அடி வைத்து வெளியே வந்திருக்கிறார்கள்.